ரெண்டாள் ஏகாம்பரமும் இரண்டு மணல் மூட்டைகளும்

போன மாதம் காட்டூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்தார். ஒருவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பழவேற்காட்டிலிருந்து அவரை இக்கரைக்கு ஏற்றி வந்த படகோட்டி, "இவருக்காவ நாலு பேர எறக்கி உட்டுட்டு வந்தேன்" என்று என்னிடம் முறையிட்டுவிட்டுப் போனான். வந்தவர் நெல் மிஷின் வைத்திருக்கிறார். மணலில் நடந்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்து நீட்டினார்.

படித்தேன். பருமனை இப்போது வெளிநாட்டில் நோய் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். இரைப்பையின் மேல்பகுதியை ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குப் பிரித்துத் தைத்துவிடுகிறார்களாம். அப்புறம் நாலு வாய்க்கு மேல் உள்ளே இறங்காதாம். கடைசியில் ஒரு வரி: முன்பு செய்துவந்த, குடலைச் சுருக்கும் ஆபரேஷனை டாக்டர்கள் பலர் கைவிட்டுவிட்டார்கள். அந்த வரியை இரண்டாம் தடவையும் படித்தேன். கைவிட்ட அந்த ஆபரேஷன் என் வயிற்றில்தான் இருக்கிறது.

"நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சிகினவராமே. பொன்னேரில சொன்னாங்க. நான் செஞ்சிக்கலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

எட்டாவது வரை படித்த பாவத்துக்காகக் குப்பத்தில் எல்லோருக்கும் கடுதாசியும் மனுவும் எழுதிக் கொடுப்பவன் நான். ஒரு வார்த்தையில் அடங்குகிற சங்கதியாக இருந்தால் அப்போதே சொல்லி அனுப்பியிருப்பேன். அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போல மூச்சு வாங்குகிறவர்கள் யாரெல்லாம் இருக்கிறார்களோ அவர்களுக்கும்.

என் பெயர் ஏகாம்பரம். குப்பத்தில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ரெண்டாள் என்று கேட்க வேண்டும். இரண்டு ஆள் எடை என்பதால் மட்டும் வந்த பெயரில்லை. ஏரியில் பாய் போட்டு ஓடும் படகு, காற்று பலத்தால் ஒரு பக்கம் சாயும். சாயாமல் இருக்க, காற்று வரும் பக்கத்தில் பாரம் வேண்டும். அதற்காக எல்லோரும் படகில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் படகில் மூட்டை கிடையாது. நான் இருந்தேன். பக்கவாட்டில் ஒரு பலகையை வெளியே நீட்டி, அதன் நுனியில் போய் உட்காருவேன். எந்தக் காற்றாக இருந்தாலும் படகு நிமிர்ந்துவிடும். மணல் மூட்டையை அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் யாராவது தூக்கிப் போட வேண்டும். நானோ, மச்சான் சொன்ன பக்கத்துக்கு நானே போவேன். பாட்டும் பாடுவேன்.

படகு என் மச்சான் தேசப்பனுடையது. என் மனைவி கன்னியம்மாவின் அண்ணன். சுக்கான் பிடிப்பது அவன்தான். காற்று திரும்பினால், "ரெண்டாளு, அந்தாண்ட" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு சொல்லைக் கேட்டு நகரும்போது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. உடம்பைப் பற்றி ஊர் கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். படகில் ஏறினால் அந்த உடம்புக்கு ஒரு வேலை இருந்தது.

நோய் எப்போது தொடங்கியது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். படுத்தால் குறட்டை நடுவில் மூச்சு நின்றுபோகும். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நிற்கும்போதெல்லாம் விலாவில் ஒரு குத்து விடுவாள். மூச்சு திரும்ப வரும். காலையில் விலா வலிக்கிறது என்று அவளிடமே சொல்லி, அவளிடமே எண்ணெய் தேய்த்துக்கொள்வேன். அப்புறம் காலில் நண்டு கடித்த காயம் ஒன்று இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்தது. அதைக் காட்டத்தான் பொன்னேரிக்குப் போனோம். எழுபத்தொன்பதாம் வருஷம்.

அங்கே டாக்டர் காலைப் பார்த்துவிட்டு மூத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மூத்திரத்தில் சர்க்கரை இருந்தது. ரத்தக் கொதிப்பு இருந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் ரொம்பப் பாடுபடுகிறது என்றார். "இப்படியே போனா ரெண்டு வருஷம் தாங்குறது கஷ்டம்."

"ரெண்டாளுக்கு ரெண்டு வருஷம். ஆளுக்கு ஒண்ணா சார்?" என்று கேட்டேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. கன்னியம்மாவும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். குப்பத்துக் கரையில் இறங்கும்போதுதான், "எல்லாத்துலயும் வெளயாட்டு உனுக்கு" என்றாள்.

பொன்னேரி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான், கன்னியம்மா, மச்சான். காத்திருக்கும் இடத்தில் நீள பெஞ்சுகள். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்ததும் மறு ஓரத்தில் இருந்த கிழவர் ஓர் அங்குலம் உயர்ந்தார். ஏரியில் செய்யும் வேலையை இங்கேயும் செய்கிறேன் என்று மச்சானுக்குப் பெருமை. பெயர் கூப்பிட நாலு மணி நேரம் ஆயிற்று. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கட்டி, கல், முறிவு என்று கையால் தொட்டுக் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. "உனக்கு இன்னாப்பா?" என்று கிழவர் கேட்டார். "நானேதான் ஐயா நோய்" என்றேன். அவர் புரியாமல் தலையாட்டினார்.

முதலில் எடை பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கே இருந்த எடை மிஷினில் ஏறினேன். முள் ஒரு சுற்று ஓடி, கடைசியில் முட்டி நின்றது. வார்டு ஆள் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனார். அரிசி மூட்டை நிறுக்கும் தராசு. என்னை ஏற்றி நிறுத்தி, "நூத்தி முப்பத்தெட்டு" என்று கத்தினார். உள்ளேயிருந்து சமையல்காரர், "பச்சரிசியா, புழுங்கலா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் அடித்ததாக ஊரில் சொல்லித் திரிந்த நகைச்சுவைகளில் பாதி அந்தச் சமையல்காரருடையது.

பிறகு பத்து நாள் பரிசோதனை. வெறும் வயிற்றில் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, அரைமணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். உடம்பு சர்க்கரையை எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று பார்ப்பதற்காம். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அது போகிற பாதை வெள்ளையாகத் தெரியுமாம். என் கையில் நரம்பு தேட மட்டும் நாலு பேர் வந்தார்கள். நாலாவதாக வந்த சிஸ்டர், "எங்கப்பா ஒளிச்சி வெச்சிருக்கீங்க?" என்று கையைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்துவிட்டார்.

பெரிய டாக்டர் வெளிநாட்டில் படித்து வந்தவர். நிதானமான மனிதர். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுகுடல் இருபது அடிக்கு மேல் நீளம். சாப்பிட்ட சோறு அதில் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் போகும்போதுதான் உடம்பு சத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த நீளத்தில் பெரும்பகுதியை உள்ளேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு, தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்துத் தைத்துவிடுவார். எனக்கு அது எங்கள் ஏரி மாதிரித்தான் தெரிந்தது. தண்ணீர் ஏரியெல்லாம் சுற்றாமல், நேரே முகத்துவாரத்துக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினால் எப்படி? வந்தது வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும்.

"அப்புறம் நான் இன்னா சார் சாப்டணும்?"

"எது வேணும்னாலும் சாப்பிடலாம், ஏகாம்பரம். உடம்புல ஒட்டாது."

அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகும் அவர் பேசினார். வயிற்றுப்போக்கு இருக்கும், மாத்திரை விடக்கூடாது, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், இது நம் ஊரில் புதிது, நானே சிலருக்குத்தான் செய்திருக்கிறேன் என்றெல்லாம் சொன்னார். மறைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் அந்நேரம் மனசுக்குள் வறுத்த மடவை மீனை எண்ணிக்கொண்டிருந்தேன். சம்மதக் காகிதம் கொண்டுவந்தார்கள். குப்பத்தில் யாருக்காவது மனு எழுதினால் முழுவதும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வைக்கச் சொல்வேன். எனக்கென்று வந்த காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் பயம் வந்தது. அதுவரை ஒளிந்திருந்து, தலையை மொட்டையடிக்கிற மாதிரி வயிற்றை மழித்தபோது வெளியே வந்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், என் கழுத்து பருமனாக இருப்பதால் மூச்சுக்குழாய் வைப்பது கஷ்டம் என்று இன்னொருவரிடம் இங்கிலீஷில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முகம் தெரியும்; அர்த்தத்தைப் பிறகு சிஸ்டர் சொன்னார். தள்ளுவண்டியில் என்னை ஏற்ற ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாக மச்சான் வந்து தலைப்பக்கம் பிடித்தான்.

"இன்னாயா, பயமா கீதா?" என்று கன்னியம்மா கேட்டாள்.

"எனக்கு இன்னா பயம்? தூக்குறவங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவள் கையை விடவில்லை. கதவு வரைக்கும் விடவில்லை.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் குளுக்கோஸ் பாட்டில், அடிவயிற்றில் நெருப்பு. எனக்காக இரண்டு கட்டில்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்த இடுக்கில் முதுகுத் தோல் மாட்டிக்கொள்ளும். கன்னியம்மா தன் புடவையைச் சுருட்டி அந்த இடுக்கில் திணித்தாள். மீதி நாளெல்லாம் ஒரே புடவையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். அவள் அதைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வயிற்றில் ஆபரேஷன் செய்தால், குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது என்பதற்கு ஒரே அடையாளம் காற்று பிரிவது. அதுவரைக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. காலையில் சிஸ்டர் கேட்பார்: "காத்து பிரிஞ்சுதா?" மதியம் சின்ன டாக்டர் கேட்பார். சாயங்காலம் பெரிய டாக்டர், பின்னால் எட்டு மாணவர்களோடு வந்து, அதே கேள்வியை மரியாதையாகக் கேட்பார். ஆயுள் முழுக்க நான் அடக்கப் பழகிய ஒன்றுக்காக ஒரு வார்டே காத்திருந்தது. நாலாம் நாள் மதியம் அது நடந்தது. மச்சான் எழுந்து நின்று, "காத்து திரும்பிச்சி" என்று படகில் சொல்கிற குரலில் அறிவித்தான். எதிர்வரிசையில் கால் உடைந்து கிடந்த ஒருவர் கை தட்டினார். சிரிக்கப் போய்த் தையல் இழுத்து அழுதேன்.

மச்சான் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவான். படகைக் கட்டிவிட்டு, பழவேற்காடு, பொன்னேரி, ரயில் என்று வருவான். எனக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவன் ஒருநாள் தூக்குச் சட்டியில் மடவைக் குழம்பு கொண்டுவந்தான். சிஸ்டர் அந்தப் பக்கம் போனதும் மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்தான்.

"துன்னத்தான் கூடாதுன்னாங்க. மோந்துக்க மச்சான்."

மோந்துகொண்டேன். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு சுற்றுக் காட்டினான். அப்புறம் அவனும் கன்னியம்மாவும் வெளியே மரத்தடியில் போய்ச் சாப்பிட்டார்கள். என்னைப் பார்த்தபடி சாப்பிட அவனுக்கு மனசு வரவில்லை. மறுமுறை வந்தபோது ஒன்று சொன்னான்: "படகு சரியா ஓட மாட்டேங்குது. ரெண்டு மணல் மூட்ட போட்டு ஓட்றேன். மூட்ட பாடவும் மாட்டேங்குது. சீக்கிரம் வந்து சேரு."

வீடு திரும்பிய பிறகு டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. எது வேண்டுமானாலும் சாப்பிட்டேன். எதுவும் ஒட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு கூப்பிடும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. எங்கள் குப்பத்தில் அதற்குக் கடற்கரைதான். "ரெண்டாளு கடலுக்குப் போறான்" என்றால் மீன் பிடிக்க அல்ல என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எடை மாதாமாதம் இறங்கியது. இறால் கம்பெனித் தராசில் ஏறி நிற்பேன். நூற்றுப் பத்து. தொண்ணூறு. ஒன்றரை வருஷத்தில் எழுபத்தாறு. சர்க்கரை அடங்கிவிட்டது. மூச்சு நிற்கவில்லை. கன்னியம்மா என் விலாவைக் குத்தாமல் தூங்கினாள். அது கிடைத்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

கூடவே வேறு சிலவும் கிடைத்தன. தோல் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. காற்று இறங்கிய பாய் மாதிரி இடுப்பைச் சுற்றித் தொங்கியது. முடி கொட்டியது. சாயங்காலம் வெளிச்சம் மங்கினால் எதிரில் வருபவர் யார் என்று தெரியாமல் போயிற்று. மாலைக்கண். கண்ணுக்கு வேண்டிய சத்து மீன் ஈரலில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கன்னியம்மா சுறா ஈரலாகப் பார்த்துப் பார்த்து வதக்கிக் கொடுத்தாள். அந்தச் சத்து கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் இறங்குமாம். என் குடலில் கொழுப்பு தங்குவதே இல்லை. மாதம் ஒருமுறை வந்து காட்டு என்றார்களே, நான் நாலு மாதத்துக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. கடைசியில் போய் ஊசி போட்டுக்கொண்ட பிறகுதான் கண் தெளிந்தது. உலகத்திலேயே மீன் ஈரலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மாலைக்கண் வாங்கிய முதல் ஆள் நானாக இருப்பேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது பெயர் போனது. ரெண்டாள் என்று யாரும் கூப்பிடுவதில்லை. "அரையாளு" என்றான் ஒருவன். அதுவே பிடித்துக்கொண்டது. எல்லோரையும் கேலி செய்தே வளர்ந்தவன், எனக்குக் கோபம் வர உரிமை கிடையாது. சிரித்தேன். வீட்டில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்தேன், மனு எழுதினேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் படகுக்குப் போகிறேன் என்றேன். கன்னியம்மா வேண்டாம் என்றாள். "நடக்கும்போதே காத்து தள்ளுது உன்ன" என்றாள். நான் கேட்கவில்லை.

விடிந்து நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. வாடைக்காற்று லேசாக இருந்தது. படகில் மச்சானும், கூட வலை இழுக்கும் எல்லப்பனும், இன்னொருவரும் இருந்தார்கள். எல்லப்பன் கரையிலிருந்து முதல் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தான். மச்சான் என்னைப் பார்த்தான். அன்று அவன் முகம் மலர்ந்த மாதிரி அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

"மூட்டைய கீழ போடுடா எல்லப்பா" என்றான். "ரெண்டாளு வர்றான் பாரு."

எல்லப்பன் சிரித்துக்கொண்டே மூட்டையைப் போட்டான். அது மணலில் விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பத்து வருஷப் பழக்கம். நான் வந்தால் மூட்டை இறங்கும். என்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். எல்லப்பனும் பார்த்துக்கொண்டேதான் போட்டான். ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. அதைத்தான் எழுத வந்தேன். "மச்சான், நான் இப்ப எழுவத்தாறு கிலோதான், மூட்டைய ஏத்து" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஒருவன் என்னை ரெண்டாளு என்று கூப்பிட்டிருக்கிறான். அந்தச் சொல்லை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? வாயை மூடிக்கொண்டு படகில் ஏறி, என் பலகையில் உட்கார்ந்தேன். பாட்டுக்கூடப் பாடினேன்.

வலை விரித்து வாரி, திரும்பும்போது வாடை பலத்தது. பாய் புடைத்துப் படகு சாய்ந்தது. "ரெண்டாளு, வெளிய போ" என்றான் மச்சான். பலகையின் நுனிக்குப் போனேன். படகு நிமிரவில்லை. "இன்னும் போ மச்சான்." போவதற்குப் பலகை இல்லை. முதுகைப் பின்னால் சாய்த்துத் தொங்கினேன். பழைய உடம்பாக இருந்தால் அந்நேரம் படகு ஆடி நிமிர்ந்திருக்கும். தண்ணீருக்கு மேலே உயர்ந்துகொண்டே போனேன். காகிதம் மாதிரி. கீழே மச்சானின் முகத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. படகு கவிழ்ந்தது.

ஏரியில் அந்த இடத்தில் மார்பளவுத் தண்ணீர்தான். யாரும் முழுகிப் போகவில்லை. ஆனால் பாய்மரம் ஒடிந்து, பாயோடும் கம்போடும் மச்சானின் முழங்காலில் விழுந்தது. தூக்கியபோது கால் போகாத பக்கம் போயிருந்தது. அவன் கத்தவில்லை. "வலைய பாருங்கடா" என்றான்.

அதே ஆஸ்பத்திரி. அதே பெஞ்சு. நான் உட்கார்ந்தேன், எதிர் ஓரத்தில் ஒருவரும் உயரவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், முழங்கால் சில்லு நொறுங்கிவிட்டது, துண்டுகளை எடுத்துவிட்டுத் தசையைச் சேர்த்துத் தைக்கிறோம், நடக்கலாம், ஆனால் கால் முழுக்க மடங்காது என்றார். முழங்கால் மடங்காதவன் படகில் உட்கார முடியாது. சுக்கான் பிடிக்க முடியாது. மச்சானுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டு நாள் நான்தான் கூட இருந்தேன். அவனைத் திருப்பிப் படுக்க வைப்பேன், பாத்திரம் வைப்பேன், எடுப்பேன். நடுநடுவே வயிறு கூப்பிட்டு ஓடுவேன். ஒருநாள் கன்னியம்மா தூக்குச் சட்டியில் குழம்பு கொண்டுவந்தாள். அவனுக்கு எதுவும் தடை இல்லை. சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் சொன்னேன்.

"மச்சான், மூட்ட வேணும்னு எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். சொல்லல."

கை நின்றது. கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதுவரை நான் சொல்லவில்லை.

"இன்னாத்துக்குச் சொல்லல?" என்றான்.

"நீ ரெண்டாளுன்னு கூப்ட்ட."

மச்சான் சட்டியை மூடி என் பக்கம் தள்ளினான். "எனுக்குக் கண்ணு இன்னா பொட்டயா? நானும்தான் பாத்தேன்" என்றான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மன்னித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பி மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. கன்னியம்மா பேசினாள், தேவைக்கு மட்டும்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், கோலை ஊன்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான்.

"மொத்தம் எவ்ளோ எளச்ச?"

"அறுவத்திரெண்டு கிலோ."

"இறால் கம்பெனிக்கு வா."

அங்கே இரண்டு கெட்டிச் சாக்குகளைத் தைத்து வைத்திருந்தான். தராசில் வைத்து மணலை என்னையே அள்ளிப் போடச் சொன்னான். ஒன்று முப்பத்தொன்று, இன்னொன்று முப்பத்தொன்று. முள் சரியாக வரும்வரை கை கையாகப் போட வைத்தான், கை கையாக எடுக்க வைத்தான். வாய்களை அவனே தைத்தான். பிறகு கரிக்கட்டியை என்னிடம் நீட்டி, "எழுத்துத் தெரிஞ்சவன்தான நீ, பேர எழுது" என்றான். இரண்டிலும் எழுதினேன். ரெண்டாளு.

அன்று முதல் அந்தப் படகை எல்லப்பன் ஓட்டுகிறான். தினமும் காலையில் அந்த இரண்டு மூட்டைகளையும் கரையிலிருந்து படகுக்குத் தூக்கிப் போவது என் வேலை. சாயங்காலம் இறக்குவதும் என் வேலை. சாக்கு இற்றுப்போனால் புதிதாகத் தைத்து, மறுபடி தராசில் வைத்து, மறுபடி பெயர் எழுதுவேன். முப்பத்தொரு கிலோ தூக்கினால் எனக்குக் கண் இருட்டும். ஒரு மூட்டைக்கு நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்து நிற்பேன். இத்தனையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டா அந்தக் காலத்தில் ஓடியாடித் திரிந்தேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

காட்டூர்க்காரர் வந்தது நான் முதல் மூட்டையை ஏற்றிவிட்டு வந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான். செய்தித்தாளைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னது இது: "டாக்டர் வேணும்னு சொன்னா செஞ்சிக்குங்க. எனக்குச் செஞ்சது வேற, உங்களுக்குச் செய்யறது வேற. காகிதத்த மட்டும் முழுசாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. மாசாமாசம் போய்க் காட்டுங்க. எளச்சப்புறம் உங்கள யாராச்சும் பழைய பேரு சொல்லிக் கூப்ட்டா, ஒடனே, அப்பவே, இப்ப நான் இவ்ளோதான்னு சொல்லிடுங்க."

கடைசியில் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வழக்கம்போல மச்சான் கரையில் ஒரு காலை நீட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பழைய படகின் மேல் உட்கார்ந்திருந்தான். தினமும் கேட்பதை அன்றும் கேட்டான்.

"ரெண்டாளு ஏறிட்டானா?"

மூட்டையைப் படகில் இறக்கி, பெயர் மேலே தெரியும்படி திருப்பி வைத்தேன்.

"ஏறிட்டான் மச்சான்."